டிராமிசு: மஸ்கார்போனே இல்லாவிட்டால் எது கைகொடுக்கும்?

டிராமிசு என்பது காபியில் முக்கிய பிஸ்கட்டையும் சீஸ் கலவையையும் அடுக்கிக் குளிரவைக்கும் இத்தாலிய இனிப்பு. இத்தாலிய சமையல் கழகம் 2010-இல் பதிவு செய்துவைத்த டிராமிசு செய்முறையில் ஆறே பொருள்கள்தான்: 12 மஞ்சள் கரு, அரை கிலோ சர்க்கரை, ஒரு கிலோ மஸ்கார்போனே (பால் க்ரீமில் செய்யும் மிருதுவான இத்தாலிய சீஸ்), 60 சவோயார்டி (விரல் வடிவ ஸ்பஞ்ச்) பிஸ்கட், காபி, கோகோ. விப்பிங் க்ரீம் கிடையாது, வெள்ளைக்கரு கிடையாது, மதுவும் கிடையாது. இவ்வளவு சுருக்கமான பட்டியலில் ஒன்றை மாற்றினாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றுப்பொருளையும் இரண்டு கேள்வியோடு பாருங்கள்: இதில் கொழுப்பு எவ்வளவு, ஃப்ரிட்ஜில் இருக்கும்போது இது எவ்வளவு தண்ணீர் விடும்? சொதப்பிப்போன டிராமிசுக்களில் பெரும்பாலானவை தண்ணீரால் கெட்டவை.

கீழே வரும் அளவுகள் 20 செ.மீ. சதுரப் பாத்திரத்துக்கு, ஆறு முதல் எட்டுப் பேருக்கு: சீஸ் 500 கிராம், மஞ்சள் கரு 4, சர்க்கரை 100 கிராம், பிஸ்கட் 24, காபி 300 மி.லி.

சீஸ்: இங்கேதான் வெற்றியும் தோல்வியும்

மஸ்கார்போனேயில் கொழுப்பு 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உப்பு தெரியாது, புளிப்பும் பேருக்குத்தான். இதற்கு மிக நெருங்கி வருவது வீட்டிலேயே செய்யும் மஸ்கார்போனே. கொழுப்பு 35 சதவீதத்துக்குக் குறையாத பால் க்ரீம் 500 மி.லி. எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 85 டிகிரி வரை சூடாக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, அதே சூட்டில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். பால் திரிவதுபோல் கட்டிகட்டியாகப் பிரியும் என்று காத்திருக்க வேண்டாம், அப்படிப் பிரியாது. கரண்டியின் பின்புறத்தில் தடிமனாகப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நின்றால் போதும். ஆறியதும் நாலாக மடித்த மெல்லிய துணியில் ஊற்றி, வடிகட்டியோடு ஃப்ரிட்ஜில் 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். ஏறக்குறைய 400 கிராம் கிடைக்கும். 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமில் செய்தால் கெட்டி போதாது. தாவரக் கொழுப்பில் செய்த இனிப்பு விப்பிங் க்ரீமில் முயற்சியே வேண்டாம். சூடும் புளிப்பும் சேர்ந்து பால் புரதத்தை இறுக்குவதால்தான் இது கெட்டிப்படுகிறது, அந்த க்ரீமில் இறுகப் போதுமான புரதம் இருக்காது.

அடுத்தது எல்லோரும் கை வைக்கும் வழி: க்ரீம் சீஸ் 300 கிராம், விப்பிங் க்ரீம் 200 மி.லி. கலவையின் கொழுப்பு 34 சதவீதத்துக்கு வரும், அது போதும். குறை சுவையில் இருக்கிறது. க்ரீம் சீஸில் உப்பும் புளிப்பும் உண்டு, ஆகவே சர்க்கரையை 15 கிராம் கூட்டுங்கள். டப்பாவில் வரும் தடவுகிற வகையைவிடக் கட்டியாக வரும் வகை நல்லது, அதில் தண்ணீர் குறைவு. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, க்ரீம் சீஸை மட்டும் தனியாக அடித்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. குளிர்ந்த சீஸில் க்ரீமை ஊற்றினால் கடுகு அளவுக் கட்டிகள் நின்றுவிடும், அதன்பின் எவ்வளவு அடித்தாலும் கரையாது. க்ரீமைத் தனியாக, மென்முனை நிற்கும்வரை (பீட்டரைத் தூக்கினால் நுனி நின்று லேசாக வளையும் பதம்) அடித்து, பிறகு கரண்டியால் மடித்துச் சேருங்கள்.

இந்த இரண்டில் எது? நேரம் இருந்தால் வீட்டு மஸ்கார்போனேதான், சந்தேகமே இல்லை. காபியின் கசப்பும் கோகோவின் கசப்பும் தனித்தனியாகத் தெரிய, நடுவில் புளிப்பில்லாத ஒரு கொழுப்பு வேண்டும். ஆனால் க்ரீம் சீஸுக்கு ஒரு பலம் உண்டு: அது எளிதில் உடையாது. மஸ்கார்போனேயை மின் பீட்டரில் அரை நிமிடம் கூடுதலாக ஓட்டினாலே ரவை ரவையாகி, ஓரத்தில் நீர் கசியும், ஏறத்தாழ வெண்ணெய் கடைந்த கதைதான். லேசான ரவைப் பதத்திலேயே கவனித்துவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி குளிர் க்ரீம் விட்டுக் கையால் மெல்லக் கலக்கி மீட்கலாம். நீர் பிரிந்துவிட்டால் மீளாது. முதல்முறை செய்பவருக்கும், அதிக அளவில் செய்பவருக்கும் க்ரீம் சீஸ் வழியே பாதுகாப்பு.

நீர் வடித்த கெட்டித் தயிரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். முழுக்கத் தயிரில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தயிரின் புளிப்பு காபியோடு மோதும், இரவு முழுக்க வடித்தாலும் பாத்திரத்துக்குள் மீண்டும் நீர் விடும். வேறு வழியே இல்லையென்றால் பாதி தயிர், பாதி அடித்த க்ரீம் என்று வைத்து, செய்த ஆறு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள். ரிக்கோட்டா என்ற மென்மையான இத்தாலிய சீஸில் புளிப்புப் பிரச்சினை இல்லை, மணல் போன்ற பதம்தான் தொல்லை. வடித்து, 300 கிராமுக்கு 200 மி.லி. க்ரீம் என்ற கணக்கில் மிக்ஸியில் சிறிது க்ரீமோடு நன்றாக அரைத்து, மீதி க்ரீமை அடித்துச் சேர்த்தால் தேறும். தேங்காய் க்ரீம் நன்றாகவே கெட்டிப்படும், ஆனால் தேங்காய் மணம் காபியை மூழ்கடித்துவிடும்.

முட்டை: பச்சையாகவா, சூடாக்கியா, இல்லாமலா

பச்சை மஞ்சள் கருவில் செய்வதே பழைய முறை. கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். நாலு மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் இரண்டு மேசைக்கரண்டி காபியோடு சேர்த்து, கொதிநீரின் மேல், பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடாதபடி வைத்து, கை எடுக்காமல் அடியுங்கள். தெர்மாமீட்டரில் 72 முதல் 75 டிகிரி வந்ததும் இறக்கிவிடலாம். 80-ஐத் தாண்டவிட்டால் முட்டைப் பொரியலாகும் அபாயம் உண்டு. கலவை நன்றாக ஆறிய பிறகே சீஸில் சேர்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சேர்த்தால் சீஸின் கொழுப்பு இளகி, எல்லாம் பாயசம்போல் ஓடும்.

முட்டையே வேண்டாம் என்றால், சர்க்கரையை விட்டுவிட்டு 150 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 200 மி.லி. அடித்த க்ரீம். சுலபம், நன்றாகவும் நிற்கும், ஆனால் பால்கோவா வாடை கொஞ்சம் தலைகாட்டும். அது பிடிக்காதவர்கள் கண்டென்ஸ்டு மில்க்குக்குப் பதில் 80 கிராம் பொடித்த சர்க்கரை போட்டால் சுவை சுத்தமாக இருக்கும், மஞ்சள் கருவின் கனம் மட்டும் இருக்காது.

பிஸ்கட்

சவோயார்டி உள்ளே காற்றறைகளோடு நன்றாகக் காய்ந்தது. பக்கத்துக்கு ஒரு நொடி முக்கினால் போதும். முக்கிய பிஸ்கட் ஒன்றை நடுவில் உடைத்துப் பாருங்கள்: உள்ளே பென்சில் தடிமனில் வெளிறிய காய்ந்த கோடு தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜில் ஆறு மணி நேரத்தில் ஈரம் தானாக அந்தக் கோட்டை எட்டிவிடும். இப்போதே முழுக்க ஊறியிருந்தால், நாளை பாத்திரத்தைச் சாய்க்கும்போது அடியில் பழுப்புத் தண்ணீர் ஓடும்.

சவோயார்டி கிடைக்காதபோது வீட்டு ஸ்பஞ்ச் கேக்தான் முதல் தேர்வு: 3 முட்டை, 90 கிராம் சர்க்கரை, 90 கிராம் மைதா, வெண்ணெய் எண்ணெய் எதுவும் வேண்டாம். வெண்ணெய் கேக் காபியைச் சரியாக இழுக்காது, இழுத்தாலும் பிசுபிசுக்கும். விரல் அகலத்துக்கு வெட்டி, 120 டிகிரி ஓவனில் அரை மணி நேரத்துக்கு மேல், தட்டினால் சத்தம் வரும்வரை உலர்த்துங்கள். உலர்த்தாத ஸ்பஞ்சை முக்கவே கூடாது, பிரஷ்ஷால் காபி தடவுங்கள்.

ரஸ்க் நேர் எதிர். அடர்த்தி அதிகம் என்பதால் பக்கத்துக்கு மூன்று நான்கு நொடி ஆகும், ஓரம் ஊறி நடு முரடாக நிற்கும். மணமூட்டாத ரஸ்காகப் பார்த்து வாங்கி, ஓர் இரவு முழுக்க ஊறவிட்டால் ஒப்பேறும். மெல்லிய டீ பிஸ்கட் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அடுக்கு கரைந்து கூழாகிவிடும். அதைப் பிஸ்கட் புட்டிங் என்று பரிமாறுவதே நியாயம்.

காபி, மது, கோகோ

எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. 300 மி.லி. வெந்நீரில் 10 கிராம் நல்ல இன்ஸ்டன்ட் காபி போதும். மோக்கா பாத்திரத்தில் (அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காபி இறக்கும் கலம்) இறக்கினால் மணம் ஒரு படி மேல். எதுவானாலும் நன்றாக ஆறட்டும், சூடான காபியில் பிஸ்கட் கையிலேயே உடையும். மார்சலா வைனோ ரம்மோ பிடித்தால் இரண்டு மேசைக்கரண்டி விடலாம், வேண்டாமென்றால் அதற்கு மாற்று எதுவும் தேவையில்லை. ரம் எசென்ஸ் மட்டும் ஊற்றாதீர்கள், அடுப்பேறாத இனிப்பில் அந்த வாடை போக வழியே இல்லை.

கோகோவுக்குப் பதில் சர்க்கரை கலந்த சாக்லேட் பானப் பொடி தூவினால், அதிலுள்ள சர்க்கரை ஈரத்தை இழுத்து மேற்பரப்பு புள்ளிபுள்ளியாக நனைந்துவிடும். இனிப்பில்லாத கோகோவைப் பரிமாறும் முன் சலித்துத் தூவுங்கள்.

எதோடு எது சேரும்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றும்போது நீர்க் கணக்கைப் பாருங்கள். க்ரீம் சீஸ் கலவையோடு உலர்த்திய ஸ்பஞ்ச் நன்றாகச் சேரும். தயிர்க் கலவைக்கு ரஸ்க் பொருந்தும், கசியும் நீரை அது குடித்துக்கொள்ளும், ஆகவே இந்தச் சேர்க்கைக்கு மட்டும் ஆறு மணி நேரக் கெடு இல்லாமல் ஓர் இரவு ஊறவிடலாம். தயிரும் டீ பிஸ்கட்டும் சேர்ந்தால் கரண்டியில்தான் அள்ள வேண்டியிருக்கும்.

முன்கூட்டியே செய்துவைக்க க்ரீம் சீஸ் வகை வசதி: மூடிவைத்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். பச்சை முட்டை சேர்த்ததை மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைப்பதானால் கோகோ தூவாமல் வைத்து, சாப்பிடுவதற்கு முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். வெளியே வைத்து உருகவிட்டால் ஓரம் இளகியும் நடு உறைந்தும் கிடக்கும்.