பஞ்சிகாவத்தையில் அளவெடுத்துச் செய்யும் போன் ஹோல்டர்: சாமான் நல்லது, வயரிங்கில்தான் கவனம் வேண்டும்

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே உள்ள இந்தச் சின்ன வேலைத்தலத்தில், காரின் டாஷ்போர்டை அளவெடுத்து அதற்கென்றே போன் ஹோல்டரும் சார்ஜரும் செய்து தருகிறார்கள். இது வெகன் ஆர் ஒன்றுக்குச் செய்த வேலையைப் பற்றியது.

ஹோல்டர் அருமை. கடையில் தொங்கும் மலிவுச் சாமான்கள் ஏசி வாயின் தகட்டில் கொழுவுபவை. போனின் பாரம் ஆடி ஆடித் தகட்டை முறித்துவிடும். இது தகட்டைத் தொடாமல் சுற்றியுள்ள சட்டத்தில் உட்காருகிறது. முதுகில் விரல் அகலத்தில் மூன்று வெட்டு. ஏசிக் காற்று நேரே போனின் பின்புறத்தில் படுகிறது. வரைபடமும் சார்ஜும் ஒன்றாக ஓடும்போது போன் சூடேறிச் சார்ஜ் நின்றுபோகும் தொல்லை இதனால் நன்றாகக் குறைகிறது. வயர்லெஸ் பேட் வைக்கவா என்று கேட்பார்கள், வேண்டாம். அதில் வீணாகும் சக்தியில் ஒரு பகுதி சூடாகப் போனில் இறங்கும்.

என்ன பிளாஸ்டிக் என்று கட்டாயம் கேளுங்கள். கேட்காவிட்டால் பிஎல்ஏ என்ற, 3டி பிரிண்டருக்கு வழக்கமான பிளாஸ்டிக்தான். அது 60 பாகை செல்சியசுக்குக் கிட்டவே இளகும். காலிமுகத்திடலில் நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் அதைத் தாண்டிவிடும். பெட்ஜி என்ற வகை ஏறத்தாழ 80 வரை தாங்கும். ஏஎஸ்ஏ என்ற வகை 100 வரை தாங்கும், வெயிலுக்கும் லேசில் வெளிறாது. கொஞ்சம் கூடக் கேட்டாலும் ஏஎஸ்ஏக்குக் கொடுக்கலாம்.

ஒட்டுவது த்ரீஎம் விஎச்பி என்ற, இரு பக்கமும் ஒட்டும் டேப்பால். டாஷ்போர்டில் சிலிக்கன் பொலிஷ் இருந்தால் அது பிடிக்காது. ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்றாக அழுத்தி, ஒரு நாள் பாரம் ஏற்றாமல் விட வேண்டும். வேலை செய்யும் பாஸ் உடனேயே போனை மாட்டிக் காட்டப் பார்ப்பார், விடாதீர்கள். பயணி பக்க ஏர்பேக் மூடியின் மேல் எதையும் ஒட்டவே கூடாது.

குறை வயரிங்கில்தான். சிகரெட் லைட்டர் வயரைச் சீவி, சார்ஜர் வயரை அதில் முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள். சூட்டில் டேப்பின் பசை இளகி வயர் வெளியே வரும். உலோகத்தில் பட்டால் 15 அம்பியர் பியூஸ் போகும்வரை அந்த மெல்லிய வயர்தான் காய வேண்டும். பியூஸ் டாப் (பியூஸின் இடத்தில் செருகி, அங்கிருந்து இன்னொரு வயருக்குக் கரண்ட் பிரிக்கும் சாமான்) போடச் சொல்லுங்கள்: திறப்பைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் பியூஸின் இடத்தில், தனி 3 அம்பியர் பியூஸோடு, 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில். 20 வாட் சார்ஜர் 12 வோல்ட்டில் இழுப்பது ஏறத்தாழ 2 அம்பியர், அதனால் 3 போதும். பழைய பியூஸைக் கழற்றி டெஸ்ட் லாம்பால் பார்த்து, கரண்ட் உள்ள பக்கத்துக்கு டாப்பின் பொதுக்கால் (இரண்டு பியூஸுக்கும் சேர்ந்த கால்) வரும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் இரண்டு வயருக்கும் போகும் கரண்ட் பழைய பியூஸ் வழியாகவே போகும்.

காசு கொடுக்குமுன் எஃப்எம்மில் சிக்னல் குறைந்த அலைவரிசை ஒன்றைப் பிடித்துவிட்டுச் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். இரைச்சல் வந்தால் உள்ளே வோல்ட்டைக் குறைக்கும் கன்வர்ட்டர் மலிவானது. மாற்றித் தரச் சொல்லலாம். அளவெடுக்கப் போகும்போது போனை வழக்கமாகப் போடும் கவருடனேயே கொண்டுபோங்கள்.