மேகமலையில் கூடாரம் என்று சொல்லி முன்பணம் கேட்டால் அனுப்பிவிடாதீர்கள்

மதுரையிலிருந்து தேனி, கம்பம் பக்கம் காரில் போய்க் கூடாரம் போட்டுத் தங்க நினைப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கார், கூடாரம், சமையல் சாமான், வனத்துறை அனுமதி எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று சொன்ன ஒருவரிடம் நானும் என் நண்பனும் கடந்த மாதம் 28,500 ரூபாய் கொடுத்தோம். அதில் 10,000 ரூபாய் திருப்பித் தரப்பட வேண்டிய வைப்புத்தொகை. எங்களுக்குக் கிடைத்தது ஓடக்கூடிய ஒரு கார் மட்டுமே. அதையும் வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு என்பது பாதி வழியில்தான் எங்களுக்கு உறைத்தது.

நண்பன் ஜாம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்த தமிழன். அவனுடைய தாத்தா உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து எஃகு ஆலை வேலைக்குப் போனவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் ஆறு மாதப் பயிற்சியின்போது நாங்கள் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அதன்பிறகு நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே முறை, மற்றதெல்லாம் ஞாயிறு இரவுத் தொலைபேசிப் பேச்சுதான். தாத்தாவின் ஊர்ப்பக்கத்தையும் மலையையும் பார்க்க வேண்டும் என்று அவன் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “நீ ரயில் ஏறி வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாய் நிறையச் சொன்னவன் நான். ஆளைத் தேடிப் பிடித்ததும் நான்தான். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவன், நான் தடுத்தும் கேளாமல், பணத்தைத் தானே அனுப்பிவிட்டான். விருந்தாளியின் பணத்தை என் கவனக்குறைவால் தொலைத்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

முதல் அறிகுறி பணம் அனுப்பும்போதே தெரிந்தது. நிறுவனத்தின் பெயர் ஒன்றாகவும், கைபேசித் திரையில் வந்த கணக்குப் பெயர் சம்பந்தமில்லாத ஒரு பெண்மணியுடையதாகவும் இருந்தன. கேட்டதற்கு, “அது நம்ம வீட்டுக் கணக்குண்ணே, ஜிஎஸ்டி தொல்லை இல்லாம இருக்கட்டும்னுதான்” என்றார். ரசீது கேட்டதற்கு, வண்டி எடுக்கும்போது தருவதாகச் சொன்னார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

காலை 6 மணிக்கு வர வேண்டிய கார் 10 மணி கடந்து வந்தது. அதற்குள் ஒரு ஆட்டோ பிடித்துக் கீழக்குயில்குடிக்குப் போய், சமணர் மலையின் செட்டிப்புடவில் பாறையில் செதுக்கியிருக்கும் தீர்த்தங்கரரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அந்தக் காலைப்பொழுது மட்டும் வீணாகவில்லை. காரை ஒப்படைக்க வந்தவர் ரசீது தரவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, வழியில் யாராவது கேட்டால் நண்பர் வண்டி என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நண்பன் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. தன் மனைவிக்குக் காட்டுவதற்காகக் காரைச் சுற்றிச் சுற்றிக் காணொளி எடுத்துக்கொண்டிருந்தான். பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது அந்த விளையாட்டுக் காணொளிதான்.

நண்பர் வண்டி என்று ஏன் சொல்லச் சொன்னார் என்பது ஆண்டிபட்டிக்கு முன்னால் நடந்த வாகனச் சோதனையில் விளங்கியது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் காருக்கோ கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். எங்களுடையது சாதாரண ஓன் போர்டு வண்டி. வாடகைக்குத் தரப்படும் கார்களுக்கு மத்திய அரசு 1989-இலேயே தனித் திட்டம் வகுத்து, உரிமம் பெற்றவர்தான் அப்படி விடலாம் என்று வைத்திருக்கிறது. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது: சொந்த உபயோகத்துக்கான பாலிசி, வண்டி கூலிக்கு விடப்பட்டிருந்த நேரத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. ஏதாவது ஆகியிருந்தால் நாங்கள் இருவரும் நடுத்தெருவில் நின்றிருப்போம். அன்றைக்கு அந்தக் காவலர் உரிமத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினார். நான் பொய் சொல்லவில்லை என்று பெருமைப்பட முடியாது. அவர் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

வைகை அணையில் கொஞ்ச நேரம், தேனியில் சாப்பாடு என்று போய், சின்னமனூரிலிருந்து திரும்பித் தென்பழனி வனச் சோதனைச் சாவடியை அடைந்தபோது மாலை 5 மணியாகியிருந்தது. மாலை 6 மணிக்கு மேல் அந்தப் பாதையில் சுற்றுலா வண்டிகளை விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போனேன். அது கைபேசிக்கு வந்த ஒரு படத்தின் அச்சுப் பிரதி. மேலே வனத்துறை முத்திரை, நடுவில் எங்கள் பெயர்கள், கீழே ஒரு கையெழுத்து. சாவடியில் இருந்த வனக்காப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதை வெளிச்சத்துக்குத் திருப்பி நிதானமாகப் பார்த்தார். எங்கள் பெயர்கள் இருந்த வரி மட்டும் மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பருத்து, அரைக்கோடு கீழே இறங்கியிருந்ததை அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் நானே கவனித்தேன். வேறு யாருக்கோ தயாரித்த தாளில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். “சார், ‘முகாம் அலுவலர்’னு எங்க துறையில பதவியே கிடையாது. இந்த மாசத்துல இதோட மூணாவது பேப்பர் இது” என்றார்.

அவர் கோபப்படாமல் விளக்கியதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காப்பகக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதோ, தங்குவதோ, தீ மூட்டுவதோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்தை முறைப்படுத்தத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. அந்த விபத்து நடந்த மாவட்டத்திலேயே போலி அனுமதிக் கடிதம் விற்கிற ஒருவரை நம்பினோம் என்பதை நினைக்கும்போது பணம் போனதைவிட அதிகமாக வெட்கமாக இருக்கிறது. உண்மையிலேயே காட்டில் நடக்க விரும்புபவர்களுக்கு, வழிகாட்டியோடு அழைத்துப்போகும் அரசின் மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதற்கு இணையத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

சாவடியிலிருந்தே அந்த ஆளைக் கூப்பிட்டேன். “கீழ டீக்கடையில நம்ம பேரச் சொல்லுங்கண்ணே, அவங்க வேற பாதையில கூட்டிட்டுப் போவாங்க” என்றார். வேறு பாதையில் வரமாட்டோம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதன்பின் எடுக்கவே இல்லை. டீக்கடைக்காரருக்கோ அந்தப் பெயரே தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவர் எங்கள் நிலையைக் கேட்டுவிட்டு, தன் மைத்துனரின் திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் தங்கிக்கொள்ளுங்கள் என்று ஆளனுப்பினார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்கும் பந்தலுக்குப் பக்கத்தில், பைசா வாங்காமல் இடம் கொடுத்தார்கள்.

அங்கேதான் கூடாரப் பையை முதன்முதலாகத் திறந்தோம். மழையில் நனைந்ததைக் காயவைக்காமல் மடித்த பூஞ்சை நாற்றம் முதலில் வந்தது. இரண்டு கம்பிகளில் ஒன்று நடுவில் பிளந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் கனமாகச் சுற்றப்பட்டிருந்தது; அதை வளைத்தபோது டேப்புக்குள் நறநறவென்று சத்தம் கேட்டதே தவிர, கம்பி வில்லாக நிற்கவில்லை. பத்து முளைகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. அடுப்பின் எரிவாயுக் குப்பி காலி. இடப்பக்கம் சாய்ந்த கூடாரத்தை வேலிக்குச்சி ஒன்றால் முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். நண்பன் அதைப் படம் எடுத்து, இதுதானா நீங்கள் தந்த கூடாரம் என்று அந்த ஆளுக்கு அனுப்பினான். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. இரவு பதினொரு மணிக்குக் காற்று எழுந்ததும் எல்லாம் மேலே விழ, காருக்குள் போய் உட்கார்ந்தே தூங்கினோம். ஓசூர் அறையில் மின்விசிறி ஓடாத நாள்களைவிட இது பரவாயில்லை என்றான். என் மனம் சங்கடப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது.

மறுநாள் காலையில் முறைப்படி சாவடியில் விவரம் எழுதிக் கொடுத்து மேலே போய், பூக்களின் பெயர் சூட்டிய பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளையும் தேயிலைத் தோட்டங்களையும் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டோம். அதற்கு எந்த முகவரும் தேவைப்படவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

மதுரையில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது அடுத்த வேலை தொடங்கியது. முன் பம்பரின் இடது கீழ்மூலையில் இருந்த கீறலைக் காட்டி, 7,500 ரூபாய் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நண்பன் குனிந்து அந்தக் கீறலுக்குள் நகத்தை ஓட்டினான். வெள்ளையாகக் காய்ந்த பாலிஷ் மாவு உதிர்ந்தது. இரண்டு நாளில் விழுந்த கீறலுக்குள் பாலிஷ் எப்படிப் போகும் என்று கேட்டு, புறப்பட்ட நாளின் காணொளியில் அதே கீறலை நிறுத்திக் காட்டினோம். குரல் கொஞ்சம் இறங்கியதே தவிர, பணம் முழுதாக வரவில்லை. 5,000 ரூபாயைக் கையில் கொடுத்து, மீதி வாரக் கடைசியில் வரும் என்றார். அந்த வாரக் கடைசி இன்னும் வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். விரைவு அஞ்சலில் அனுப்பிய அறிவிப்புக் கடிதம், அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. போலி அனுமதிக் கடிதத்தின் பிரதியைச் சாவடியிலேயே கொடுத்துவிட்டு வந்தோம். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு செய்தி: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாந்தவர் தான் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஆகவே நண்பன் ஜாம்ஷெட்பூரிலிருந்தே மனுவைத் தயார் செய்கிறான். நான் சாட்சி.

பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை, ஏனென்றால் இரண்டு வாரத்தில் அவர் நிறுவனப் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டார். புதுப் பெயரில் வந்த விளம்பரத்தை முந்தாநாள் என் அலுவலகத்தில் ஒருவர் ஆசையோடு காட்டினார். ‘மேகமலை இரவு முகாம்’ என்ற எழுத்துக்குக் கீழே, திராட்சைப் பந்தலின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கூடாரம்: நண்பன் புகாராக அனுப்பிய அதே படம். வேலிக்குச்சி இருந்த பக்கத்தை வெட்டியிருக்கிறார்கள். ஆனால் கம்பியில் சுற்றிய கறுப்பு டேப், கூடார வாசலுக்கு மேலே, பெரிதாக்கிப் பார்த்தால் இப்போதும் தெரிகிறது.