மிஞ்சிய கொரோனாக் காசு: தண்ணீர் மெசினா, சுழற்சிக் கடனா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் 2021 கடைசியில் கொஞ்சம் பணம் மிஞ்சி நின்றது. கனடா, சுவிஸ், லண்டன் என்று போய்விட்ட ஊர்ப் பிள்ளைகள் கொரோனாவுக்கென்று அனுப்பிய பணம் அது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோதும், 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு பூட்டிக் கிடந்தபோதும் அதிலிருந்துதான் உலர் உணவுப் பொதி கொடுத்தோம். அரசாங்கம் தந்த 5,000 ரூபாய் கூலி வேலைக்காரர் வீட்டில் எத்தனை நாளைக்குக் காணும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாடு திறந்த பிறகு, மீதியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நான் சங்கத்தின் பொருளாளர். பல கூட்டங்கள் போட்டு, மாதர் சங்கத்தின் ஊடாக சுழற்சிக் கடனாக, அதாவது ஒருவர் திருப்பிக் கட்டும் பணத்தை அடுத்தவருக்குக் கடனாகக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அந்த முடிவின் பக்கம்தான் இன்றும் நிற்கிறேன். வெள்ளம், வறட்சி, நோய் என்று எது வந்தாலும் இப்படியான பணம் எங்கள் ஊர்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த சங்கம் இதே கேள்வியோடு உட்காரும்போது பயன்படட்டும் என்று, நாங்கள் எடை போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

சில யோசனைகள் கெதியில் விழுந்துவிட்டன. இன்னொரு தரம் பொதி கொடுக்கலாம் என்றார்கள். பசி இருக்கும்போது பொதிக்கு ஈடு எதுவுமில்லை, ஆனால் வேலை திரும்பிவிட்ட வீட்டுக்கு அது ஒரு கிழமைச் சாப்பாடு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு ஒட்சிசன் கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்றார்கள் இளம் பிள்ளைகள். டெல்டா அலையில் மூச்சுக்குத் தவித்தவர்களைப் பார்த்த மனசு அப்படித்தான் சொல்லும். ஆனால் எந்தக் கருவி தேவை, எது ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் அறிவு இல்லை. வைத்தியர்கள் கேட்டால் கொடுப்போம், நாங்களாக வாங்கிக்கொண்டு போய் வாசலில் வைக்கக் கூடாது என்று விட்டோம். கோயில் மண்டபத்துக்குக் கூரை என்ற பேச்சும் வந்தது. நோய்க்கென்று வந்த பணம் என்று மூத்தவர்களே அதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் நின்றவை இரண்டு: குடிதண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெசின், சுழற்சிக் கடன்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் சின்ன நகரமொன்றில் இருக்கும் என் மச்சானோடு இதைப் பற்றி அடிக்கடி கதைப்பேன். அங்கே 2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான கொரோனா மீட்புச் சட்டத்தில், மாநில அரசுகளுக்கும் உள்ளூர், பழங்குடி அரசுகளுக்குமென்று 350 பில்லியன் டொலர் ஒதுக்கினார்கள். 50,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அது மாநில அரசின் வழியாக, சனத்தொகைக்கு ஏற்றபடி, இரண்டு தவணையாகப் போனது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், இணையவசதி, ஆபத்தோடு வேலைசெய்த ஊழியருக்கு மேலதிகக் கொடுப்பனவு எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது. ஓய்வூதிய நிதிக்குள் கொண்டுபோய்ப் போடக் கூடாது, சேமிப்பில் பூட்டி வைக்கக் கூடாது. எதற்கென்று 2024 டிசம்பர் 31க்குள் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும், 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்து முடிக்க வேண்டும், மிஞ்சினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்குள்ள அரச நிதி அலுவலர்களின் சங்கம் நகரங்களுக்குச் சொன்ன புத்தி ஒன்று என் மனதில் தங்கிவிட்டது: ஒருமுறை வரும் பணத்தை, வருடா வருடம் காசு கேட்கும் வேலையில் போட வேண்டாம்.

எங்கள் நாட்டிலேயே மறுபக்கத்தையும் பார்த்தோம். கொரோனாவுக்கென்று அரசாங்கம் 2020இல் தொடங்கிய 'இடுகம' நிதிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் கம்பனிவரை கொடுத்தார்கள். 2022இல் அதை மூடியபோது ஏறத்தாழ 180 கோடி ரூபாய் செலவாகாமலே கிடந்து, ஜனாதிபதி நிதியத்துக்குப் போனது. அந்த இரண்டு வருடத்தில்தான் சனம் பட்ட பாடு அதிகம். அமெரிக்காவில் முடிவுத் தேதி இருந்தது, அதனால் பணம் குழாய்க்கும் வாகனத்துக்கும் கட்டிடத்துக்கும் கெதியாகப் போவது இயல்பு. இங்கே தேதியே இல்லை, பணம் படுத்துவிட்டது. எங்கள் சங்கத்தின் பணத்துக்கு வெளியிலிருந்து தேதி போட ஒருவருமில்லை. ஆகவே அவசரப்பட்டு சீமெந்தில் கொட்டவும் தேவையில்லை, ஆனால் வங்கியில் தூங்கவிடவும் கூடாது. சுழற்சிக் கடன் என்ற எண்ணம் எனக்குள் ஊன்றியது இந்த இடத்தில்தான்.

மெசினுக்கு வருவோம். அதை விரும்பியவர்கள் சொன்ன நியாயம் பலமானது. கோடையில் கிணறு இறங்கும்போது தண்ணீர் உவர்க்கும், சில கிணற்றில் இரும்புக் கறை பிடிக்கும், தண்ணீர்ப் பவுசர் எப்போது வருமென்று வாசலில் குடத்தோடு நிற்க வேண்டும். தண்ணீர் ஊரிலுள்ள எல்லோருக்கும் பொது. கடன் அப்படியில்லை, எடுப்பவருக்குத்தான். சிறுநீரக நோய்ப் பயத்தால் வடமத்திய மாகாணத்தில் ஊருக்கு ஊர் இந்த மெசின் வைத்திருப்பதும் தெரிந்த கதை.

ஆனால் வாங்கும் விலையைக் கேட்டவர்கள் ஓட்டும் செலவைக் கேட்கவில்லை. மண் பிடிக்கும் பில்டரைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளே உப்பைப் பிரித்தெடுக்கும் சவ்வான மெம்பிரேன் நல்ல தண்ணீரென்றாலே இரண்டு மூன்று வருடம், உவர் கூடினால் அதற்கு முன்பே அடைத்துவிடும். அது இறக்குமதிச் சாமான், டொலர் ஏறினால் அதுவும் ஏறும். மோட்டருக்குக் கரண்ட் வேண்டும். உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பெரிய பங்கு உவர் கூடிய கழிவாக வெளியே வரும், அதை எங்கே விடுவது? பக்கத்துக் கிணற்றுக்குள் ஊறினால் வேலி கடந்து சண்டை வரும். திருத்துகிற ஆளும் ஊரில் இல்லை, டவுனிலிருந்துதான் கூப்பிட வேண்டும்.

கூட்டத்தில் இதையெல்லாம் நான் கடதாசியில் எழுதி வாசித்துக்கொண்டிருந்தபோது, முன் வரிசையில் இருந்த ஒரு பெத்தா (பாட்டி) கேட்டார்: "அது சரி மகன், மெசின் நிண்டா மறுகா ஆரு காசு போடுற?" மெசின் தருவதாகச் சொன்ன ஆளிடம் அதற்குப் பதிலில்லை. எங்களிடமும் இல்லை. லீற்றருக்கு இவ்வளவு என்று விற்கலாம்தான். ஆனால் இருப்பவர் வாங்குவார், இல்லாதவர் திரும்பவும் கிணற்றுக்குப் போவார். அப்போது எல்லோருக்கும் பொது என்ற முதல் நியாயமே நிற்காது.

சுழற்சிக் கடனுக்கும் பராமரிப்பு உண்டு. சும்மா கொடுத்துவிட்டு இருந்தால் ஆறு மாதத்தில் பணமும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அதற்கு வேண்டியது என்ன? கணக்குக் கொப்பி, மாதக் கூட்டம், எழுத வாசிக்கத் தெரிந்த இரண்டு பெண்கள், கறாராகக் கேட்கக்கூடிய ஒரு தலைவி. இவ்வளவும் ஊருக்குள் இருக்கிறது. டொலர் ஏறினாலும் அது கிடைக்கும், கரண்ட் நின்றாலும் கிடைக்கும். ஒரு சங்கம் ஒன்றை எடுக்கும் முன் அதை ஓட்டிக்கொண்டு போக என்ன வேண்டும், அது ஊருக்குள் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எங்கள் பகுதியில் கடன் என்ற சொல்லே பயம் தரும். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் லோன்காரர்களால் வீட்டை விட்டு ஒளித்த பெண்களை நாங்கள் அறிவோம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கத் தாலிக்கொடி ஈடு. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ததும், வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு போட்டதும் நிலைமை அந்தளவு போனதால்தான். 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் இதே நுண்கடனை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். ஆகவே, "இன்னொரு லோனா?" என்று மாதர் சங்கத்திலேயே சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது, விதிகளை நல்லதாக்கியதும் அதுதான். மாதம் 1 சதவீத வட்டி, அதுவும் சங்கத்தின் முதலுக்குள்ளேயே சேரும். ஒருவருக்கு மேலெல்லை 50,000 ரூபாய். கோழி, ஆடு, தையல், நெல் அவித்துக் குத்துதல், தயிர் என்று வருமானம் வரும் வேலைக்குத்தான் கொடுப்பது. வயல் செய்பவர் மாதாமாதம் கட்டத் தேவையில்லை, வெள்ளாமை வெட்டியபின் கட்டலாம். வீட்டுக்குப் போய்க் கேட்பதில்லை, கூட்டத்தில்தான் கேட்பது. இந்தக் கடைசி விதியைப் போட்டவர்கள் லோன்காரரால் அவமானப்பட்ட பெண்கள்.

உடனேயே சோதனை வந்தது. அதற்கு முன்பே, 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்திருந்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது மாரிகாலப் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது, அந்தப் போகத்தின் விளைச்சல் விழுந்தது. வெள்ளாமையை நம்பிக் கடன் எடுத்தவர்கள் கட்ட முடியாமல் நின்றார்கள். கூட்டம் கூடி, அடுத்த போகம்வரை தவணையைத் தள்ளினோம், வட்டியை நிறுத்தினோம். வெளியிலிருந்து ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பாதிப்பேர் சிறுபோகத்தில் கட்டினார்கள், மீதிப்பேர் மெல்ல மெல்ல. இன்றுவரை கட்டாதவர்களும் உண்டு, அந்தப் பெயர்கள் கொப்பியில் அப்படியே இருக்கின்றன.

மெசின் வைத்த வேறொரு ஊரின் கதையையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் நின்ற காலத்தில் அவர்களின் டாங்கி நிறையவில்லை. ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனதில் மெம்பிரேன் விலையும் கூடவே போனது. அவர்கள் விலையை ஏற்றினார்கள், வாங்குபவர் குறைந்தார்கள், பிறகு மெசின் பல மாதம் பூட்டிக் கிடந்தது. இப்போது ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் உதவியில் ஓடுகிறது. அந்தக் குடும்பம் கைவிடாதவரை ஓடும்.

அதே 2022 எங்கள் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. மாதம் 1 சதவீத வட்டியால் அதைப் பிடிக்க முடியுமா? 50,000 ரூபாய்க்கு வாங்கிய ஆடுகளின் எண்ணிக்கையை அடுத்த வருடம் அதே பணத்துக்கு வாங்க முடியவில்லை. கொப்பியில் முதற்பணம் குறையவில்லை, சந்தையில் குறைந்துவிட்டது. ஆனால் 2021இல் மெசின் வாங்கியவர்கள் கையில் அதே மெசின் இருந்தது, அதன் விலை ஏறிக்கொண்டும் இருந்தது. இந்த ஒரு கணக்கில் மெசின் எங்களை வென்றது. அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. மேலெல்லையை உயர்த்தி, ஒரே நேரத்தில் கடன் எடுப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம். பணத்துக்குப் பதிலாக ஆட்டுக்குட்டியாகக் கொடுத்து, குட்டியாகவே திரும்ப வாங்கும் யோசனையும் வந்தது. அதைச் சிலரிடம் மட்டும் செய்து பார்த்திருக்கிறோம். நோய் வந்து ஆடு செத்தால் யார் பொறுப்பு என்பதில் இன்னும் தெளிவு இல்லாததால் பரிந்துரைக்க மாட்டேன்.

மெசினை நாங்கள் ஓட்டிப் பார்த்தவர்கள் இல்லை. பார்த்ததும் கேட்டதும்தான். ஒரு ஊரில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, குடிக்கக் கூடாது என்று சுகாதாரப் பகுதியினர் சொல்லியிருந்தால் என் கணக்கெல்லாம் மாறும், அங்கே தண்ணீர்தான் முதல். பிரதேச சபையோ நீர் வழங்கல் சபையோ மெசினைப் பொறுப்பெடுத்து, கரண்ட் பில்லும் பில்டரும் தங்கள் வரவுசெலவில் போடுவோம் என்று எழுத்தில் தந்தாலும் மெசின் பக்கம் சாயலாம். வாய்ச்சொல்லில் மட்டும் என்றால் வேண்டாம். அதேபோல், கணக்கெழுத ஆளில்லாத ஊரிலும், சங்கத்துக்குள் இரண்டு கட்சியாக நிற்கும் ஊரிலும் சுழற்சிக் கடன் போட வேண்டாம். அங்கே பணம் சுழலாது, ஒரு பக்கமாகப் போய் நின்றுவிடும். எங்கள் தலைவி கொப்பியை எல்லோர் முன்னாலும் விரித்து வாசிப்பவர், அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் இதே விதிகள் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் இப்போது அவரோடு இரண்டு இளம் பிள்ளைகளை இருத்திக் கணக்குப் பழக்குகிறோம்.

தண்ணீரை நாங்கள் மறந்துவிடவுமில்லை. ஊர்ப் பொதுக்கிணற்றின் கட்டு உடைந்து, வெள்ளத்தோடு அழுக்கு உள்ளே இறங்குகிறது. வட்டியாகச் சேர்ந்த பணத்தில் கட்டை உயர்த்தி, வருடத்துக்கு ஒருமுறை இறைத்துக் குளோரின் போடலாம் என்று மாதர் சங்கம் கேட்டிருக்கிறது. ஊர் மேசன்மாரே செய்யக்கூடிய வேலை, சாமானும் பக்கத்துக் கடையில் கிடைக்கும். முதற்பணத்தில் கைவைக்காமல் வட்டி மட்டும் அதற்குக் காணுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காணுமென்றால், மாரி தொடங்கும் முன் வேலையை முடித்துவிடுவோம்.