நேவ் மோடா, ஹெடிங் மோடா?

அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் 5 இணை ஓடுபாதைகள். பக்கத்துப் பக்கத்தில் விமானங்கள் கிளம்பும் நெரிசலில் ஆட்டோபைலட்டை (விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியை) இந்த இரண்டு மோடில் எதில் விடுவது?

நேவ் மோடில், கணினியில் ஏற்றிய பாதையை அதுவே பிடித்துப் போகும். காற்று தள்ளினாலும் திருத்திக்கொள்ளும். சரி, கடைசி நேரத்தில் ஓடுபாதை மாறி, பழைய பாதை உள்ளேயே கிடந்தால்? தப்பான பாதையையும் அதே துல்லியத்தோடு பறக்கும், பக்கத்து விமானம் இருக்கும் பக்கமாகக்கூட. அதனால்தான் அங்கே கட்டுப்பாட்டு டவர் புறப்பட அனுமதிக்கும்போதே பாதையில் வரும் முதல் வழிப்புள்ளியின் பெயரையும் சொல்லும். விமானி அதைத் திரையோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஹெடிங் மோடில் திசைக் குமிழைத் திருப்பினால் விமானத்தின் மூக்கு அந்தத் திசைக்குத் திரும்பும், அவ்வளவுதான். கட்டுப்பாட்டாளர் திடீரென்று திசை சொன்னால் இதுதான் கைகொடுக்கும். ஆனால் காற்றைக் கண்டுகொள்ளாது; திரும்ப நேவுக்கு மாற்ற மறந்தால் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

என் ஓட்டு நேவுக்கு, கை குமிழ் பக்கத்திலேயே இருந்தால்.