குழந்தையின் கைக்கு எந்த ரிவால்வர்? .22 வகைகள் ஓர் ஒப்பீடு

சுடக் கற்றுக்கொடுக்க ரிவால்வர் தேடும் பெற்றோரின் கை முதலில் போவது, இருப்பதிலேயே சிறியதை நோக்கித்தான். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பது என் உறுதியான கருத்து. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், முறையான சுடுதளத்தில், ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது மட்டுமே இந்தப் பேச்சுக்கு இடம் உண்டு.

தோட்டாவைப் பற்றி விவாதமே வேண்டாம். 1887-இல் வந்த .22 லாங் ரைஃபிள் (சுமார் 0.22 அங்குல விட்டமுள்ள சிறு தோட்டா) போதும். அதன் உதைப்பு குழந்தையை அச்சுறுத்தாது. அதைவிட வலிமையான மேக்னம் தோட்டாவுக்கான சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளை) கூடவே வந்தால் அதை எடுத்துத் தனியே பூட்டிவையுங்கள். அதன் வெடிச்சத்தம் தொடக்கப் பாடத்தையே கெடுத்துவிடும்.

இனி எடைக்கு வருவோம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 317 சுமார் 330 கிராம், ரூகர் எல்.சி.ஆர். .22 சுமார் 420 கிராம். கையில் வைத்தால் பொம்மைபோல் இருக்கும். ஆனால் .22 தோட்டாவின் தீமருந்து அதன் விளிம்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்கச் சுத்தியல் பலமாக அடிக்க வேண்டும். அதனால் டபுள் ஆக்‌ஷனில் (விசையை, அதாவது டிரிகரை, இழுப்பதே சுத்தியலைத் தூக்கி அடிக்கவும் வைக்கும் வகை) விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்குக்கூட அழுத்தம் தேவைப்படுகிறது. துப்பாக்கியின் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தைப் பிஞ்சு விரல் கொடுக்கும்போது குழல் எங்கே பார்க்கும்? ஒலிம்பிக் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் விசைக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவே ஒரு கிலோதான். தேர்ந்த வீரர்களுக்கே அது போதும் என்றால், ஒன்பது வயதுப் பிள்ளையிடம் ஐந்து கிலோ கேட்பது நியாயமில்லை. அதிலும் எல்.சி.ஆரில் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். அதைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தி விசையை இலகுவாக்கவும் வழியில்லை. இந்த இரண்டையும் நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

எஞ்சுவது இரண்டு வழிகள்: 850 கிராம் அளவுள்ள சிங்கிள் ஆக்‌ஷன், அல்லது அதே எடையோ அதற்கு மேலோ உள்ள எஃகு டபுள் ஆக்‌ஷன். முதல் வகையில் ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்து நிறுத்திய பிறகே விசை வேலை செய்யும்; அதற்கு ரூகர் ராங்லரும் ஹெரிடேஜ் ரஃப் ரைடரும். இரண்டாவதற்கு ரூகர் எஸ்.பி.101, அல்லது ஒரு கிலோவைத் தாண்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 17.

டபுள் ஆக்‌ஷனுக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. சிலிண்டர் பக்கவாட்டில் திறந்து வெளியே வந்துவிடும். எல்லா அறைகளும் ஒரே பார்வையில் தெரியும். காலி என்பதைக் கற்பிப்பவர் நின்ற இடத்திலிருந்தே உறுதிசெய்யலாம். சிங்கிள் ஆக்‌ஷனில் சிறு கதவைத் திறந்து அறை அறையாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும், காலி உறைகளையும் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் தொடக்கத்தில் அந்த மெதுவே எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் குழந்தை கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டும். சுடப்போகிறேன் என்ற முடிவு அந்த அசைவிலேயே வெளியில் தெரிந்துவிடுகிறது.

சிங்கிள் ஆக்‌ஷனின் உண்மையான ஆபத்தும் அதே சுத்தியலில்தான் இருக்கிறது. இழுத்துவிட்டுச் சுட மனமில்லை என்றால் என்ன செய்வது? விசையை அழுத்திக்கொண்டே சுத்தியலை மெல்ல இறக்கும் வித்தை, வியர்த்த சிறு கட்டைவிரலுக்கு உரியதல்ல. வழுக்கினால் வெடிக்கும். முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: விரலை வெளியே எடு, குழல் இலக்கையே பார்க்கட்டும், என்னைக் கூப்பிடு. இறக்குவது பெரியவர் வேலை.

இன்னொன்று, ஆறு அறை இருந்தாலும் ஒரே தோட்டா. இலக்கில் பட்டுவிட்டது என்றால் குழந்தை மகிழ்ச்சியில் துப்பாக்கியோடு அப்படியே திரும்பும். எவ்வளவு சொன்னாலும் ஒரு முறையாவது திரும்பும். அந்த நொடியில் உள்ளே எதுவும் இருக்கக்கூடாது. சில வாரங்கள் கழித்து ஒரு தோட்டாவோடு சுட்ட காலி உறைகளையும் கலந்து போட்டுச் சுழற்றிவிடுங்கள். வெடிக்காத அறையில் குழல் துள்ளினால், சத்தத்துக்கு அஞ்சி முன்கூட்டியே கை இழுப்பது தெரிந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு ரிவால்வரைப்போல் வசதியானது வேறில்லை.

ராங்லரா, ரஃப் ரைடரா? 2019-இல் வந்த ராங்லரில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற உட்பாதுகாப்புத் தகடு இருக்கிறது. விசையை முழுதாக இழுத்தால் ஒழிய, சுத்தியலின் அடி, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியைச் சேராது. கதவைத் திறந்தால் சுத்தியலை இழுக்கவே முடியாது. ரஃப் ரைடரில் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தித்தான் தோட்டா போட வேண்டும். அதன் பக்கத்தில் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு ஒன்று உண்டு. அது வேலை செய்யும், ஆனால் யாராவது நினைவாகப் போட வேண்டும். யார் நினைவையும் நம்பாத ராங்லருக்கே என் ஓட்டு. தாத்தா காலத்து ரூகர் சிங்கிள் சிக்ஸ் வீட்டில் இருந்தால் கவனம் தேவை. 1973-க்கு முந்தையவற்றில் இந்த ஏற்பாடு கிடையாது. ரூகர் நிறுவனம் கட்டணமின்றி மாற்றித் தருகிறது. மாற்றாமல் குழந்தையிடம் தராதீர்கள்.

குழல் நீளம் 12 முதல் 14 சென்டிமீட்டர் வரை போதும். குறிபார்க்க உதவும் முன், பின் குறிகளுக்கு இடையே போதிய தூரம் கிடைக்கும், முன்பாரமும் கையை இழுக்காது.

எந்த ரிவால்வரானாலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் சூடான வாயு பீறிடும். ரைஃபிள் பழகிய பிள்ளைகள் இடது கையைத் தானாகவே அங்கே கொண்டுபோவார்கள். அதைப் பார்த்துத் திருத்துங்கள். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு கட்டாயம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், ஏனெனில் இந்தத் தோட்டாக்களில் ஈயம் இருக்கிறது.

பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகிப் பிடி கைக்குள் அடங்கினால் எஸ்.பி.101-க்கு மாறலாம். அப்போதும் முதல் பல மாதங்கள் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்தே சுடட்டும். வாங்கும் முன் காலித் துப்பாக்கியைக் குழந்தையிடம் கொடுத்து, சுத்தியலை இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். திரும்பினால் இன்னும் ஓராண்டு காற்றுத் துப்பாக்கியிலேயே பழகட்டும்.