பிளக் மாற்றிய பிறகு வந்த தட்டல்

பொகவந்தலாவையில் இருக்கிற நண்பர் ஒருவர் என்னிடமுள்ள அதே பழைய கார்புரேட்டர் வானை வாங்கியிருக்கிறார். "அண்ணே, நீங்க போட்ட அந்தப் பிளக் எப்படி? நானும் மாத்தலாம்னு இருக்கேன்" என்று கேட்டார். எஞ்சினுக்குள் தீப்பொறி விட்டுப் பெற்றோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கைத்தான் சொல்கிறார். போனில் சொல்லி முடிகிற கதையில்லை. இதே வானை மலையில் ஓட்டுகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாப் பக்கம் தை மாத விடியற்காலையில், புல் மேலே உறைபனி கிடக்கிற குளிரில், பழைய பிளக்கோடு வானை எழுப்புவது பெரும் பாடு. சோக்கை இழுத்து, பற்றரி சோர்ந்துபோகும் வரை சாவியைத் திருப்ப வேண்டும். புதுப் பிளக் போட்டதும் முதல் திருப்பிலேயே பிடித்தது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற சின்னச் சின்ன ஓட்டங்களில் பிளக்கில் கரி படிவதும் நின்றுவிட்டது. பெற்றோல் செலவும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் காலைகளில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தட்டல் வந்தது கொழும்பிலிருந்து சாமான் ஏற்றித் திரும்பும்போது. கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தால் எஞ்சினுக்குள் கிணிகிணி என்று சத்தம். காலைத் தளர்த்தினால் நிற்கும், மிதித்தால் மறுபடி வரும். வட்டவளை தாண்டி ஹட்டனை நெருங்க நெருங்க அதுவே குறைந்துவிட்டது.

இந்த இடத்தை எல்லோரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். உயரம் கூடக் கூட எஞ்சின் கஷ்டப்படும், அதனால்தான் தட்டுகிறது என்பார்கள். இழுவை குறைவது உண்மை. ஆனால் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். சிலிண்டருக்குள் போகிற காற்று குறைகிறது, காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை அமுக்கப்படும்போது வருகிற அழுத்தமும் குறைகிறது, தட்டல் அடங்கிவிடுகிறது. ஆகவே கராஜ்காரர் நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "சரியாயிருச்சு" என்று சாவியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். சுமையோடு கீழே இருந்து ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் போன கராஜில் பாஸ் காதை வைத்துக்கூடக் கேட்கவில்லை. "பெயாரிங் போயிருச்சுண்ணே, எஞ்சினை இறக்கணும்" என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பெயாரிங் தட்டினால் சத்தம் கனமாக, அடியிலிருந்து வரும். சும்மா நிறுத்தி ரேஸ் பண்ணினாலும் கேட்கும், ஒயில் அழுத்தமும் இறங்கியிருக்கும். இதுவோ மெல்லிய சத்தம், சுமையில் மட்டும் வருவது. எஞ்சினை இறக்கியிருந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத வருமானம் போயிருக்கும்.

பிறகு 92க்குப் பதிலாக, தட்டலைக் கூடுதலாகத் தாங்குகிற 95 ஒக்டேன் பெற்றோல் அடித்துப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. ஹயர் ஓடுகிறவன் எத்தனை நாளைக்கு 95 அடிப்பான்? அடுத்த கராஜில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, தீப்பொறி வருகிற நேரத்தை, அதாவது டைமிங்கை, பின்னுக்குத் தள்ளினார்கள். தட்டல் இன்னும் அடங்கியது, ஆனால் வான் செத்துப்போனது. இரண்டாம் கியரில்கூட இழுக்கவில்லை. வெக்கியூம் குழாய் எதுவும் கழன்றிருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று, எல்லாம் இடத்தில் இருந்தன.

கடைசியில் பிளக்கைக் கழற்றியபோதுதான் விஷயம் வெளிவந்தது. நன்றாக எரிகிற எஞ்சினில் பிளக்கின் பீங்கான் நுனி பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். இது வெள்ளையாக வெந்து, சின்னச் சின்னக் கொப்புளத்தோடு இருந்தது. பிளக் நுனி சுமார் 450 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி படியும். 850 பாகையைத் தாண்டிப் போனால் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து, தட்டலும் வரும். சூடான வகைப் பிளக்கில் பீங்கான் நுனி நீளம், சூடு மெதுவாகத்தான் எஞ்சின் ஹெட்டுக்கு இறங்கும். குளிர்ந்த வகையில் அது சீக்கிரம் இறங்கும். நான் போட்டிருந்தது சூடான வகை. என் குளிர்காலை சந்தோஷத்துக்கும் கினிகத்தேனை சத்தத்துக்கும் காரணம் ஒன்றுதான்.

இது எப்படி வந்தது? பிளக்கின் சூட்டு வகையைக் காட்டுகிற எண்ணில் வந்தது. என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூடக் குளிர்ந்த வகை. பொஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடக் கூடச் சூடான வகை. வானில் முன்பு இருந்தது என்.ஜி.கே. 6. கடைக்காரர் எண் தலைகீழாகப் போகிற வேறொரு கம்பனியின் பெட்டியை எடுத்து, "மலைக்கு ஓட்டுறீங்க, கூடின நம்பர்தான் நல்லது, எஞ்சின் சூடாகாது" என்று தந்தார். பிளக் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? திருப்பிக் கொண்டுபோனபோது, "பிளக்குன்னா பிளக்குதான்" என்று சொல்லி மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்.

என்.ஜி.கே. 6க்குச் சமமான டென்சோ 20 போட்டேன். கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் சாவியால் அரைச் சுற்று. புது வொஷர் உள்ள பிளக்குக்கு அது போதும். தளர்வாக இருந்தாலும் சூடு இறங்காது. டைமிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அதே ஏற்றம், அதே சுமை, 92 பெற்றோல்: தட்டல் இல்லை. காலையில் சோக் மட்டும் பழையபடி தேவைப்படுகிறது.

நண்பரே, நியாயமாகப் பார்த்தால் அந்தப் பிளக்கில் குறையே இல்லை. தோட்டத்துக்குள், சுமை இல்லாமல், குளிரில் ஓடுகிற உங்கள் வானுக்கு அது பொருந்தக்கூடச் செய்யும். இருந்தாலும் வாங்காதீர்கள். வெளிநாடு போகிற பிள்ளையை வழியனுப்ப ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நீங்களும் இறங்கத்தான் போகிறீர்கள். திரும்பி ஏறும்போது பிஸ்டனில் ஓட்டை விழுந்தால் காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆனது எதற்கு உதவும்? கழற்றிய பிளக்கைக் கையில் கொண்டுபோய், அதன் கம்பனியையும் எண்ணையும் காட்டி அதையே கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள். எனக்கு அதை விற்ற கடை எது என்று போனில் சொல்கிறேன், அங்கே மட்டும் போக வேண்டாம்.