விதை தூவிய புல்தரைக்குப் பெருச்சாளிக் காவல்: எதை வாங்கலாம், எதை விடலாம்

அருகம்புல் விதை தூவிப் புல்தரை வளர்க்கிறவர்கள் பெருச்சாளிக்குப் பயந்து வாங்குகிற சாமான்கள் நான்கு. சோலார் எலிவிரட்டி, கூண்டுப்பொறி, புரோமாடியலோன் கேக் என்ற எலிமருந்து, ஜிஐ வெல்டு மெஷ் என்ற துத்தநாகம் பூசிய கம்பிவலை. விதைத்த பிறகு சுமார் மூன்று வாரம் பாத்தியில் கால் வைக்கவே கூடாது என்பதை மனதில் வைத்துத்தான் இவற்றை எடைபோட வேண்டும். பத்தையாக வாங்கிப் பதித்த புல்லென்றால் வளை விழுந்த இடத்தைத் தூக்கி, மண் அடைத்து, திரும்ப வைத்துவிடலாம். விதைப் பாத்தியில் அப்படி முடியாது. பெருச்சாளி தள்ளும் மண் முளையை மூடிவிடும். தெளிக்கிற தண்ணீர் சுற்றியுள்ள விதையையும் இழுத்துக்கொண்டு வளைக்குள் இறங்கிவிடும். இத்தனைக்கும் அது விதைக்காக வருவதில்லை. கொத்தி நனைத்த மண் தோண்டச் சுலபம், அவ்வளவுதான்.

சோலார் விரட்டியில் காசைப் போடாதீர்கள். மண்ணில் குத்தி வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும். பொலபொலவென்ற மண்ணில் அதிர்வு அதிக தூரம் போகாது. போகிற தூரத்திலும் எலி அதற்குப் பழகிவிடும். பல பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் மோல் என்ற, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் சிறு பிராணி தமிழ்நாட்டில் கிடையவே கிடையாது. அது இருக்கிற அமெரிக்காவிலேயே பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க வெளியீடுகள் இந்தக் கருவியைப் பரிந்துரைப்பதில்லை.

கூண்டுப்பொறி நல்ல சாமான்தான், அளவு சரியாக இருந்தால். சுண்டெலிக்கான மரப்பொறி இதற்கு உதவாது. ஒன்றரை அடி நீளமாவது இருக்கும் கெட்டிக் கம்பிக் கூண்டு வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் பெருச்சாளி ஒதுங்கும் என்பதால் முதல் இரண்டு மூன்று இரவு கதவைக் கட்டித் திறந்தபடி வைத்து, கருவாடோ தேங்காய்ச் சில்லோ போட்டுத் தின்னப் பழக்குங்கள். அப்புறம் விசையை ஏற்றுங்கள். பாத்தியின் நடுவே வைப்பது வீண். அது சுவரோரமாகத்தான் நடமாடும்.

புரோமாடியலோன் 0.005 சதவீத கேக் ரத்தம் உறையவிடாமல் செய்யும் மருந்து. தின்ற எலி சாக நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். அதனால் விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே வைத்துவிட வேண்டும். கேக்கை வெளியில் போடாமல், ஒன்றரை அடி நீள 4 அங்குல பிவிசி குழாய்க்குள் கம்பியால் கட்டிச் சுவரோரம் வையுங்கள். செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். கிடைக்கிற எலியை உடனே புதைப்பது அவசியம். நாய் கேக்கைத் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வைட்டமின் கே1 மாற்று மருந்து. ஜிங்க் பாஸ்பைடு என்ற இன்னொரு எலிமருந்து வேகமானதுதான், ஆனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தையும் நாயும் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.

நான்கில் முதலிடம் மெஷ்ஷுக்கு. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷாகப் பார்த்து வாங்குங்கள். மலிவென்று கோழிவலையை எடுத்தால் துருப்பிடித்துச் சீக்கிரம் கிழியும். 4 முதல் 6 அங்குல ஆழத்துக்கு மண்ணை எடுத்து, தரையைச் சமன் செய்து விரித்து, ஓரங்களை 4 அங்குலம் மேல்படிய வைத்துக் கட்டுக்கம்பியால் ஓர் அடிக்கு ஒரு முடிச்சுப் போட வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இணைப்பில்தான். ஆயிரம் சதுர அடிக்கு 4 அடி அகலம், 50 அடி நீளச் சுருள் ஆறு தேவைப்படும். மேலே மண்ணை நிரப்பினால் அருகம்புல் வேர் கண்களுக்குள் தாராளமாக இறங்கும். பின்னாளில் அந்த இடத்தில் மரம் வைக்க நினைத்தால் மட்டும் மெஷ்ஷை வெட்ட வேண்டிவரும்.

அவ்வளவு செலவு முடியாதென்றால் ஓரத்தில் மட்டும் போடலாம். 3 அடி அகலச் சுருளில் அரை அடி தரைக்கு மேலே, ஒன்றரை அடி மண்ணுக்குள், மீதி ஓரடி அடியில் வெளிப்பக்கமாக மடக்கி. சுவரோரம் கீழே தோண்டி வரும் எலி அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். கேட் வழியாக மேலே நடந்து வருவதை இது தடுக்காது.

எந்த மெஷ்ஷானாலும் உள்ளே எலி இல்லையென்று உறுதியான பிறகே போடுங்கள். சாயங்காலம் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்தால் காலையில் திறந்திருப்பது மட்டுமே ஆள் உள்ள வளை. பொறியும் மருந்தும் அங்கே. தொடர்ந்து மூன்று காலை எதுவும் திறக்காவிட்டால் பழைய வளைகளில் மணலும் தண்ணீருமாக ஊற்றி, இறங்க இறங்கக் குத்தி நிரப்புங்கள். வாயை மட்டும் மூடினால் முதல் தெளிப்பிலேயே உள்வாங்கும்.

பிறகு ஆயிரம் சதுர அடிக்கு அரை முதல் ஒரு கிலோ வரை தோல் நீக்கிய விதையை மணலோடு கலந்து தூவுங்கள். மேல்மண் கால் அங்குலத்துக்கு மிஞ்ச வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். அதற்குள் எங்காவது மண் குவிந்தால் பலகை போட்டு அதன் மேல் நின்று மண்ணை அள்ளி எடுங்கள். பரப்பிவிட்டால் பக்கத்து முளையும் போய்விடும். ஈர மண்ணிலும் வளையிலும் கை வைக்கும்போது கையுறையும் பூட்ஸும் கட்டாயம், எலிக்காய்ச்சல் இந்த ஈரத்தின் வழியாகத் தொற்றும்.